பெட் ஷாப் பாய்ஸ்: ஒரு ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளாக இந்த இருவரின் பாடல்களை விடாமல் கேட்டு வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், திருமணமாகி வந்த மருமகள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்கள்?

இங்கிலாந்துக்காரர்கள் இருவர். பாடுகிறவர் நீல் டெனன்ட், 1954இல் பிறந்தவர், வடகிழக்கில் நியூகாசில் பக்கத்துப் பிள்ளை. கீபோர்டு வாசிப்பவர் கிறிஸ் லோ, 1959இல் பிறந்தவர், பிளாக்பூல் என்ற கடற்கரை ஊர்க்காரர். 1981 ஆகஸ்ட் 19ஆம் தேதி லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் தற்செயலாகச் சந்தித்தார்கள். டெனன்ட் தன் சிந்தசைசருக்கு ஒரு ஒயர் தேடி வந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் இருவருக்கும் நடன இசை மீது ஒரே அளவு பைத்தியம் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தொடக்கம்.

அப்போது டெனன்டுக்கு 27 வயது, பதிப்பகத்தில் எடிட்டர் வேலை. அதற்கு முன்பு அமெரிக்க காமிக்ஸ்களின் எழுத்துக்கூட்டலை பிரிட்டிஷ் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். லோ, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர். மில்டன் கீன்ஸ் நகரத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் அவர் வடிவமைத்த மாடிப்படி ஒன்று உண்டு. அதை ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாடிப்படி பார்க்கவா விமானம் ஏறுவது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பெயர் ஏன் இப்படி?

லண்டன் ஈலிங் பகுதியில் செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்த்த நண்பர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை வைத்து வந்த பெயர். முதலில் 'வெஸ்ட் எண்ட்' என்றுதான் வைத்திருந்தார்கள். மாற்றியது நல்லதாகப் போயிற்று.

பாடுகிறவர் ஏன் செய்தி வாசிப்பது போலப் பாடுகிறார்? உணர்ச்சியே இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

முதலில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாம் கேட்டு வளர்ந்த பாட்டில் துக்கம் என்றால் குரல் உடையும், கமகம் நீளும், வயலின்கள் கூட்டமாக எழும். டெனன்டின் குரலில் இது எதுவும் கிடையாது. மெல்லிய, சற்று மூக்கோரமான, ஆண்பிள்ளைத்தனத்தைக் காட்டிக்கொள்ளாத குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். சாவு வீட்டில் அழாமல் நின்றுகொண்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கும் மூத்த மகன் ஒருவர் இருப்பார் அல்லவா? அவரைப் பார்த்தால்தான் நமக்கு அழுகை வரும். டெனன்டின் குரல் அந்த மூத்த மகன்.

அழ வேண்டிய வேலையை அவர் சுற்றியிருக்கும் இசையிடம் ஒப்படைத்துவிடுகிறார். கீழே லோ அமைக்கும் சுரக்கூட்டுகள் பெரும்பாலும் சோகமானவை, தாளம் மட்டும் ஆடச் சொல்கிறது. கால் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த இரட்டைத்தன்மை பிடித்துப்போனவர்கள் பிறகு வெளியே வருவதில்லை. பிடிக்காதவர்களுக்கு அது கடைசிவரை வெறும் மெஷின் சத்தம்தான். அவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடலில் பாதி பேச்சாகவே இருக்கிறதே, எப்படி வந்தது அது?

நாட்டிங்காமில் உறவினர் வீட்டில் பழைய ஆங்கில கேங்க்ஸ்டர் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டெனன்டுக்கு முதல் வரிகள் வந்தனவாம். அப்போது நியூயார்க்கில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் ராப் பாடல் ஒன்று நகரத்து நெருக்கடியைப் பேச்சாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அதே காரியத்தை லண்டன் உச்சரிப்பில் செய்து பார்த்தால் என்ன என்பது இவர் யோசனை. பல குரல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பேசும் உத்தியை டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டார். பாட்டுக்குள் லெனின்கூட வந்து போகிறார்: 1917இல் சுவிட்சர்லாந்திலிருந்து பெட்ரோகிராட் ஃபின்லாந்து ஸ்டேஷன் வரை அவர் செய்த ரயில் பயணத்துக்கு ஒரு வரி. நடனக் கூடத்துப் பாட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்தப் பாட்டின் பின்கதை பாட்டைவிட நீளம். டெனன்ட் அப்போது 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற இளைஞர் இசைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். 1983இல் 'தி போலீஸ்' குழுவைப் பேட்டி காண அவரை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். போன இடத்தில், தானும் லோவும் கொண்டாடிவந்த பாபி ஓர்லாண்டோ என்ற தயாரிப்பாளரை மதியச் சாப்பாட்டுக்குச் சந்தித்தார். ஒரு சீஸ்பர்கர், ஒரு கேரட் கேக். அன்று தேதி ஆகஸ்ட் 19; எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சந்திப்பு நடந்து சரியாக இரண்டு வருடம். சாப்பாடு முடிவதற்குள் பாட்டுப் பதிவு செய்ய ஓர்லாண்டோ ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த முதல் பதிவு 1984இல் வெளிவந்து, அமெரிக்க மேற்குக் கரை கிளப்களில் கொஞ்சம் ஓடியது, பிரிட்டனில் ஓடவில்லை. ஓர்லாண்டோவின் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர எதிர்கால வருமானத்தில் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1985இல் பார்லஃபோன் கம்பெனியில் சேர்ந்தார்கள். டெனன்ட் பத்திரிகை வேலையை விட்டபோது, சில வாரங்களில் பாட்டு படுத்துவிடும், மண்டியிட்டுத் திரும்பி வருவார் என்று அந்தப் பத்திரிகையே கேலியாக எழுதி வழியனுப்பியது.

தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் அதே பாட்டின் வேகத்தைக் குறைத்து மறுபடியும் பதிவு செய்தார். ஸ்டுடியோவுக்கு வெளியே தெருவில் இறங்கி நடந்து பதிவு செய்த சத்தத்தை முன்னால் ஒட்டினார். காலடிச் சத்தம், கார், பிறகு மெல்ல எழும் சிந்தசைசர் மூட்டம். 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம், மே மாதம் அமெரிக்காவில் முதலிடம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றே, சொல் ஒன்றே. முதலாவது துள்ளுகிறது, இரண்டாவது இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து போகிறது.

இருவரில் ஒருவர் சும்மா நிற்கிறாரே, அவருக்கு என்ன வேலை?

கிறிஸ் லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். சிரிக்க மாட்டார். ராக் இசைக்கலைஞர்கள் மேடையில் வியர்த்து விறுவிறுத்துக் காட்டிய காலத்தில் இவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். ஆனால் பாதி மெட்டுகள் அவர் கையிலிருந்து வந்தவை. 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடலில் அடியில் நகரும் பேஸ் வரியைத் தனியாகக் கவனியுங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும். டெனன்ட் சொல்லை யோசிப்பவர், லோ பாட்டு ஆட வைக்கிறதா என்று பார்ப்பவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாகப்பிரிவினை. அது முழுக்கச் சரியில்லை. மோசமான யோசனை போலத் தெரிகிற நல்ல யோசனைகள் பல லோவுடையவை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பணம் சம்பாதிப்போம் என்று ஒரு பாட்டு இருக்கிறதே, இவர்கள் முதலாளித்துவத்தின் ஆட்களா?

'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' பாடலைக் கேட்கிறீர்கள். பாடுகிற பாத்திரத்துக்கு வாய் நீளம், கைவசம் ஒன்றுமில்லை. அவன் ஒருநாளும் பணக்காரனாகப் போவதில்லை என்பது பாட்டைக் கவனித்தால் புரியும். தாட்சர் காலத்து பிரிட்டனைக் கேலி செய்ய எழுதியது. கேலி நன்றாக அமைந்துவிட்டால் இதுதான் தொல்லை: கேலி செய்யப்பட்டவர்களே எடுத்துப் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். 1987இல் வந்த 'ஆக்சுவலி' ஆல்பத்தில் 'ஷாப்பிங்' என்ற பாட்டு பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றது பற்றியது. அதையும் துணிக்கடைப் பாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'கிங்ஸ் கிராஸ்'. வடக்கிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் லண்டனில் ரயிலிறங்கும் நிலையம் அது. டெனன்டும் அப்படி வந்தவர்தான். வேலை கிடைக்காத ஊரின் சோர்வு அந்தப் பாட்டு முழுக்க இருக்கிறது. ஆல்பம் வெளிவந்து இரண்டரை மாதத்துக்குள், நவம்பர் 18 அன்று, அந்த நிலையத்தின் சுரங்கப் பகுதியில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அதை வெறும் பாட்டாகக் கேட்பது கடினமாகிவிட்டது.

'இட்ஸ் எ சின்' மதத்துக்கு எதிரான பாட்டா?

டெனன்ட் நியூகாசிலில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். எதைச் செய்தாலும், செய்ய நினைத்தாலும் பாவம் என்று சொல்லி வளர்த்ததைப் பற்றிய பாட்டு. கோபமாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு பெரிய நாடகமாக்கிவிட்டார்கள்: இடி, மணி, கோயில் கூடத்தின் எதிரொலி. பாட்டு மங்கி முடியும் இடத்தில் லத்தீனில் பாவ அறிக்கை மந்திரம் கேட்கும். நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு அது மனப்பாடம்: "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்..." என்று பூசையில் சொல்வார்களே, அதேதான். எதிர்ப்புப் பாட்டு என்று சொல்வதைவிட, வீட்டை விட்டுப் போனவன் வாசலில் நின்று போடும் சத்தம் என்று சொல்வேன். வீடியோவை இயக்கியவர் ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன். பிரிட்டனில் முதலிடம்.

டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு யார்? அவரை ஏன் தேடிப் பிடித்தார்கள்?

அறுபதுகளின் பெரிய பாடகி. 1968க்குப் பிறகு பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் அவர் பாட்டு வரவில்லை. எண்பதுகளில் அவரை அநேகமாக மறந்துவிட்டார்கள். ஒரு டூயட்டுக்கு அவர்தான் வேண்டும் என்று இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். 1987இல் வந்த 'வாட் ஹாவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாமிடம் வரை போனது. டெனன்ட் தட்டையாகப் பேசிக்கொண்டே வர, பாதியில் டஸ்டியின் குரல் புகைபோல நுழையும் அந்த இடம்! டெனன்டின் அடக்கம் எதற்கு என்பது அங்கே விளங்கும். இவர் ஒதுங்கி நிற்பதால்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது. பிறகு அவருக்காகவே பாடல்கள் எழுதி, 1990 ஆல்பத்தில் பாதியைத் தயாரித்தும் கொடுத்தார்கள்.

பிறர் பாடல்களை ஏன் திரும்பப் பாடுகிறார்கள்? சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

எல்விஸ் பிரெஸ்லி இறந்து பத்தாண்டு நிறைந்ததற்காக 1987இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர் பாட்டு ஒன்றைப் பாடக் கேட்டார்கள். எல்விஸ் உருகிப் பாடிய 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' பாட்டை இவர்கள் குதிக்கும் தாளத்தில் போட்டார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் வாரத்தில் அதுதான் பிரிட்டனின் முதலிடம். மன்னிப்புக் கேட்கும் பாட்டு அது. எல்விஸ் பாடினால் நம்பிவிடுவோம். டெனன்ட் பாடும்போது, இந்த ஆள் உண்மையில் வருந்துகிறானா என்ற சந்தேகம் லேசாக எட்டிப் பார்க்கும். எனக்கு இந்தப் பதிவுதான் பிடிக்கும், எல்விஸ் ரசிகர்கள் பொறுத்தருள வேண்டும்.

'கோ வெஸ்ட்' கதை வேறு. 1992இல் மான்செஸ்டர் ஹசியெண்டா கிளப்பில் எய்ட்ஸ் நிதிக்காக ஜார்மன் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் பாட, வில்லேஜ் பீப்பிள் குழுவின் 1979 பாட்டை எடுக்கலாம் என்றவர் லோ. டெனன்டுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. மூலப் பாட்டு, மேற்கே போனால் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் தலைநிமிர்ந்து வாழலாம் என்ற எழுபதுகளின் கனவு. இடையில் எய்ட்ஸ் வந்து அந்தக் கனவை வாரிக்கொண்டு போயிருந்தது, சோவியத் யூனியனும் கலைந்திருந்தது. ஆண்கள் கூட்டமாகப் பாட, சிவப்புச் சதுக்கத்தைக் காட்டும் வீடியோவுடன், அதே வரிகளுக்கு இரண்டு புதிய அர்த்தங்கள் ஏறிவிட்டன. எத்தனை பேர் வந்து சேரவில்லை என்பது தெரிந்தே பாடும் குதூகலம் அது. பிறகு ஆர்சனல் ரசிகர்கள் அந்த மெட்டைக் கால்பந்து மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஜார்மனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எந்தக் காலம் உச்சம்?

டெனன்டே அதற்கு ஒரு பெயர் வைத்தார்: சாம்ராஜ்ய காலம். தொட்டதெல்லாம் பொன்னாகும் சில வருடங்கள். 1988இல் 'டாமினோ டான்சிங்' எதிர்பார்த்த இடத்துக்குப் போகாமல் ஒன்பதாவது இடத்தில் நுழைந்தபோது, சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டாராம். தன் சரிவுக்குத் தானே தேதி குறித்த பாடகர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பத்திரிகைக்காரர் புத்தி.

உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு?

'பீயிங் போரிங்', 1990. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டெனன்டுக்கு நியூகாசில் காலத்து நண்பர் ஒருவர் இருந்தார். அவருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தபோது எழுதியது 'இட் குடன்ட் ஹாப்பன் ஹியர்', 1987. மெட்டில் இத்தாலியத் திரைப்பட இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேயின் கையும் உண்டு. 1989இல் நண்பர் இறந்தார். அந்த இறுதிச் சடங்கைப் பற்றி 'யுவர் ஃபன்னி அங்கிள்' என்று ஒரு சிறிய பாட்டு எழுதி, ஒரு ரெக்கார்டின் பின்பக்கத்தில் ஒளித்து வைத்தார்கள். மூன்றாவதுதான் 'பீயிங் போரிங்'.

தலைப்புக்கு இரண்டு மூலங்கள். ஜப்பானில் யாரோ இவர்களைச் சலிப்பூட்டுகிறவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். இன்னொன்று, 1920களின் எழுத்தாளர் செல்டா ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதியது: அவள் சலிப்பூட்டுகிறவளாக இல்லை, அதனால் அவளுக்குச் சலிப்பும் இல்லை என்ற பொருளில். பாட்டில் மூன்று சரணங்கள். முதலாவதில் பழைய புகைப்படங்களோடு விருந்து அழைப்பிதழ்கள் கிடைக்கின்றன. இரண்டாவதில் எழுபதுகளில் ஓர் இளைஞன் பையோடு ஊரை விட்டு ரயிலேறுகிறான். மூன்றாவதில் தொண்ணூறுகள், தான் ஆக நினைத்தவனாக ஆகிவிட்டவன் திரும்பிப் பார்க்கிறான், முத்தமிட்டவர்களில் சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை. நோயின் பெயர் பாட்டில் எங்கும் வராது.

பல்லவி சந்தோஷமான பல்லவி. மூன்று முறையும் அதே சொற்கள், அதே மெட்டு. நமக்குத்தான் ஒவ்வொரு முறையும் வேறாகக் கேட்கிறது. டெனன்ட் குரலை ஓர் இழைகூட மாற்றுவதில்லை. மூத்த மகன் காபி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

வெளிவந்தபோது பிரிட்டனில் இருபதாம் இடம்தான் பிடித்தது. 1991 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைப் பாடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நிகழ்ச்சி முடிந்ததும் பின்மேடைக்கு வந்து அதை ஏன் பாடவில்லை என்று கேட்டவர் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ஆக்சல் ரோஸ். தொண்டை கிழியக் கத்திப் பாடுகிறவருக்கும் இந்தக் கத்தாத பாட்டு வேண்டியிருந்திருக்கிறது.

என்னென்ன கருவிகள் பயன்படுத்துகிறார்கள்?

ஆரம்ப காலத்தில் எமுலேட்டர் என்ற சாம்பிளர். எந்த ஒலியையும் பதிவு செய்து கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி வாசிக்கலாம். கோரஸ், டிரம்பெட், கண்ணாடி உடைவது எதுவானாலும். முதல் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பெரும்பாலும் அதில் வாசித்ததே. 1990இல் 'பிஹேவியர்' ஆல்பத்துக்கு எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் மியூனிக் போய் ஜெர்மன் தயாரிப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மேயரின் பழைய அனலாக் சிந்தசைசர்களிடம் உட்கார்ந்தார்கள். அந்த ஆல்பத்தின் வெதுவெதுப்பு அதிலிருந்து வந்தது. நேர் எதிராக, ட்ரெவர் ஹார்ன் தயாரித்த 'லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்' பாட்டில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை டிஸ்கோ தாளத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள்.

பிடிக்காத ஆல்பமே கிடையாதா?

உண்டு. 2002இல் வந்த 'ரிலீஸ்'. கிட்டாரை முன்னால் வைத்துச் செய்தது. கிட்டார் வாசித்தவர் ஜானி மார் என்ற கலைஞர், குறை சொல்ல முடியாத வாசிப்பு; ஆனால் யாரோ ஒருவரின் சட்டையை இவர்கள் போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது. 2012இன் 'எலிசியம்' ஆல்பத்தைச் சிலர் தூக்கம் வருகிறது என்பார்கள், எனக்கு வயதாகிவிட்டதால் அது பிடிக்கிறது.

ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. கேட்கலாமா?

தாராளமாக. எனக்கே பாதிச் சொற்கள் பத்து வருடம் கழித்துத்தான் புரிந்தன. டெனன்டின் உச்சரிப்பு தெளிவு என்பதால் அகராதியோடு உட்கார்ந்தால் ஏமாற்றம் இருக்காது.

இன்னும் பாடுகிறார்களா?

பாடுகிறார்கள். 2024இல் 'நன்தலெஸ்' ஆல்பம் வந்தபோது டெனன்ட் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குரல் பெரிதாக மாறவில்லை. ஒருநாளும் கத்தாத குரல் தேயவும் இல்லை போலிருக்கிறது. லோ இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை.

எங்கே தொடங்குவது?

1991இல் வந்த 'டிஸ்கோகிராஃபி' தொகுப்பில் தொடங்கினால் சிரமம் இல்லை. பிடித்தால் 'ஆக்சுவலி', பிறகு 1993இன் 'வெரி', பிறகு 2013இன் 'எலெக்ட்ரிக்'. 'பிஹேவியர்' ஆல்பத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், ஒரு மழைக்காலம் வரட்டும். 'பீயிங் போரிங்' அதில்தான் முதல் பாட்டு. கேட்டு முடிந்ததும் பழைய சிநேகிதர் யாரையாவது கூப்பிடத் தோன்றும். எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.